பூச்சுக்குப் பெயர் பொன்னா?

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வண்டிப் பாகங்களை உருவாக்கும் தோழர்களுக்கு மைக்ரான் என்றால் என்னவென்று பாடம் நடத்த வேண்டியதில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! ஆலையில் அந்த அளவு பிசகினால் பாகத்தை ஒதுக்கித் தள்ளும் நீங்கள், நகைக் கடையில் மட்டும் அதைக் கேட்க மறப்பதேன்?

‘ஒரு கிராம் தங்கம்’ என்று கடைத்தெருவில் பலகை தொங்குகிறது. பெயர்தான் ஒரு கிராம். உள்ளே இருப்பது செம்போ பித்தளையோ! கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கிலியின் மேற்பரப்பு 50 சதுர சென்டிமீட்டர், பூச்சின் கனம் 1 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறும் தங்கம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. முழுக் கிராம் ஏறப் பூச்சு 10 மைக்ரானைத் தாண்ட வேண்டும்.

கவரிங் அணிவது குற்றமா? இல்லை. கவரிங் என்று சொல்லி விற்பவர் நாணயமானவர். பூச்சைப் பொன்னென்று நம்பவைப்பவரிடம்தான் நமக்கு வழக்கு. ஆஸ்பத்திரிச் செலவுக்காக அடகுக் கடைப் படியேறும்போது உரைகல் உண்மையைச் சொல்லும். அப்போது அழுது பயன் என்ன?

ஆகவே முத்திரையைப் படியுங்கள். ஜி.பி., ஜி.இ.பி., எச்.ஜி.இ. ஆகிய மூன்றும் பூச்சின் அடையாளங்கள். ‘18கே ஜி.பி.’ என்றால் 18 காரட் தோலுக்குத்தான், உடலுக்கு அல்ல! வெளிநாட்டு நகையில் ‘1/20 12கே ஜி.எஃப்.’ என்றிருந்தால், எடையில் இருபதில் ஒரு பங்கு 12 காரட் தகடு. 10 கிராம் சங்கிலியில் சுத்தத் தங்கம் கால் கிராம்!

உண்மைத் தங்கத்துக்கு அடையாளம் மூன்று: இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22கே916 போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்.யு.ஐ.டி. 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறிலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கத் தடை வந்தது. முத்திரையில் சொன்ன தூய்மை குறைந்தால், குறைந்த மதிப்பைப் போல் இரு மடங்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது 2018ஆம் ஆண்டு விதி.

நல்ல சட்டம்தான். ஆனால் அது யாரை விட்டுவிட்டது? 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை விற்கும் கடைக்கும் விலக்கு. மூக்குத்தியும் குழந்தையின் மோதிரமும் சிறு கடையில் வாங்குபவர் யார்? மாளிகைவாசியா? மூன்று ஷிப்டில் உழைக்கும் பாட்டாளி அல்லவா? ஆரம் வாங்குவோருக்குக் கவசம். கால் பவுனுக்கும் குறைவாக வாங்குவோருக்கு வெறும் நம்பிக்கையா?

எனவே கேட்கிறோம்: விலக்கைக் குறைத்திடுக! பூச்சு நகையின் ரசீதில் அடி உலோகமும் மைக்ரான் கனமும் எழுதச் செய்க!

அதுவரை, தோழர்களே, எடையும் காரட்டும் எழுதிய ரசீது இல்லாமல் பணத்தை எண்ணாதீர். எச்.யு.ஐ.டி. எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அங்கேயே சரிபாருங்கள். வியர்வையில் பூச்சு இல்லை. அதற்கு ஈடாக வரும் பொன்னிலும் பூச்சு வேண்டாம்!