பெயர் ஒன்று, விதி வேறு

'சேதனப் பால்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் உலகெங்கும் அதற்குப் பொருள் ஒன்றே என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இரசாயனப் பசளை இடாத நிலத்தில் விளைந்த தீனியே மாட்டுக்கு வேண்டும் என்பதில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பொதுவாக உடன்படுகின்றன. மாடு நோயுற்றதும் வழிகள் பிரிந்துவிடுகின்றன.

மடியழற்சி கறவை மாடுகளுக்கு அடிக்கடி வருகின்ற நோய். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க நேர்ந்தால், அமெரிக்க விதிப்படி அந்தப் பசுவின் பாலை அதன்பின் ஒருபோதும் சேதனப் பால் என்று விற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, ஏனைய சிகிச்சைகள் பொருந்தாதவிடத்துக் கால்நடை வைத்தியரின் பொறுப்பில் அம்மருந்தைக் கொடுக்கலாம். வழமையான காத்திருப்புக் காலத்தின் இரு மடங்கு கழிந்ததும் பால் மீண்டும் சேதனப் பாலாகும். பன்னிரண்டு மாதங்களில் மூன்று முறைக்கு மேல் சிகிச்சை நடந்தால் மட்டுமே தகுதி பறிபோகும்.

2012 இல் இரு தரப்பும் ஒருவர் சான்றிதழை மற்றவர் ஏற்க உடன்பட்டன. அப்போதும் இவ்விடயத்தில் அமெரிக்கா இறங்கிவரவில்லை.

அமெரிக்க விதி நுகர்வோரின் காதுக்கு இனியது. ஆனால், அதன் சுமை வாயில்லாச் சீவனின் மீது விழுகின்றது. தகுதியைக் காப்பதற்காக மருந்தை மறுக்கலாகாது என்று அவ்விதியே கூறுகின்றதுதான். ஆயினும், மருந்து கொடுத்தால் பசுவை மந்தையிலிருந்து இழக்க நேரும் பண்ணையாளர், 'இன்னும் ஒரு நாள் பார்ப்போம்' என்று தாமதிப்பது மனித இயல்பு. ஆகவே ஐரோப்பிய விதியையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

அமெரிக்கரிடம் கற்கவும் ஒன்றுண்டு. ஆண்டில் குறைந்தது 120 நாட்கள் மாடு மேய வேண்டும். மேய்ச்சற் காலத்தில் உலர் தீனியளவில் 30 வீதமாவது புல்வெளியிலிருந்து கிடைக்க வேண்டும் என்று 2010 இல் அவர்கள் வரையறுத்தனர். அளந்து பார்க்கக்கூடிய விதி அது.

'சேதனம்' என்ற சொல் நமக்கும் புதிதன்று. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டிலேயே தடை நீங்கியதை நாம் மறக்கவில்லை. ஆயத்தமின்றிச் சொல் முந்திக்கொண்டால் உழவன் படும் பாட்டை அன்று கண்டோம். நாளை நம் கடைகளில் சேதனப் பால் என்று எவர் விற்க வந்தாலும், நோயுற்ற பசுவை என்ன செய்கிறீர்கள் என்று முதலில் கேட்போம்.