கோரம் சேராத கூட்டங்கள்

1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் ஜான் திவி. அவருக்குப் பின் புத் சிங், கே. இராமநாதன், கே.எல். தேவாசர் என்று, அவரையும் சேர்த்து 9 ஆண்டுகளில் 4 தலைவர்கள் வந்தார்கள். 1955-இல் வீ.தி. சம்பந்தன் பொறுப்பேற்றார். அதிலிருந்து 2010 டிசம்பர் வரையிலான 55 ஆண்டுகளில் தலைவர்கள் 3 பேர்தான். சம்பந்தன் 18 ஆண்டு, கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வி. மாணிக்கவாசகம் 6 ஆண்டு, சாமிவேலு 31 ஆண்டு. மெர்டேக்கா ஆண்டில் கிள்ளானில் பிறந்த ஒருவர் பேரப்பிள்ளை எடுக்கும் வயதை எட்டும்வரை ம.இ.கா. தலைவர் என்று கேட்ட பெயர்கள் அந்த மூன்றே.

பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் இன்றும் இந்தத் தலைவர்களைப் பற்றிய பேச்சு ஓய்வதில்லை. அவர் என்ன செய்தார், இவர் ஏன் செய்யவில்லை என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்த 55 ஆண்டுகளில் உறுப்பினர்களாகிய நாம், அண்டை அயலாராகிய நாம், படித்தவர்களாகிய நாம் என்ன செய்தோம் என்ற பேச்சு மட்டும் வருவதில்லை. அதைப் பேசும் நேரம் வந்துவிட்டது என்று நம்புகிறோம்.

நம் சமுதாயத்துக்குக் கூட்டுப் பொறுப்பு புதிதல்ல. விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்களுக்கு வேலையும் போயிற்று, குடியிருந்த லயமும் போயிற்று. அப்போது சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் கேட்டது மாதம் 10 வெள்ளி. 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள், அடுத்தடுத்து மற்றத் தோட்டங்களையும் வாங்கினார்கள். நாள்கூலிக் குடும்பத்துக்கு அந்தக் காலத்து 10 வெள்ளி சிறிய தொகையல்ல. அரிசிக் கடனையும் பிள்ளையின் பள்ளிச் செலவையும் தள்ளிவைத்துக் கொடுத்த பணம் அது. இன்று பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலைக்கும் மோனோரயில் நிலையத்துக்கும் துன் சம்பந்தன் பெயர் இருக்கிறது. அந்தப் பெருமைக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் மாதாமாதம் கட்டிய அந்தத் தொழிலாளர்கள் இல்லையென்றால் அவருடைய திட்டம் காகிதத்தில்தான் இருந்திருக்கும். நம் சமுதாயம் இந்நாட்டில் செய்த மிகச் சிறந்த கூட்டுக் காரியம் இதுவே என்பது எங்கள் கருத்து.

இதே மக்கள் 1982-இல் ம.இ.கா.வின் முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோதும் முன்வந்தார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு. 28 ஆண்டுக்குப் பின் 2010-இல் பங்கொன்றுக்கு 80 சென் கொடுத்துத் திரும்ப வாங்கும் திட்டம் வந்தபோது, காத்திருந்தவர்களில் பலருக்கு ஆறுதலைவிட ஆற்றாமையே மிஞ்சியது. பங்கு வாங்கிய தொழிலாளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நிறுவனக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்க அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கற்றவர்கள் இருந்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் கணக்காய்வாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வங்கி அதிகாரிகளுக்கும் அன்றும் பஞ்சமில்லை, இன்றும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பொதுக்காரியத்திலிருந்து ஒதுங்கி நின்றார்கள். ‘அரசியல் நமக்கெதற்கு’ என்ற அந்த ஒதுக்கத்துக்கும் இந்த இழப்பில் பங்குண்டு.

நமக்கு ஏறக்குறைய 6 மாதம் முன்னதாக, 1957 மார்ச் 6-இல் விடுதலை பெற்ற மேற்கு ஆப்பிரிக்க நாடு கானா. தலைவரை மட்டும் நம்பாமல் மக்களே காவல் நிற்பது எப்படி என்பதை அறிய, அந்நாட்டின் அதிபர் பதவி நடந்துவந்த பாதை நாம் பார்க்க வேண்டிய ஒன்று. 1960-இல் முதல் அதிபரான குவாமே என்க்ருமா, ஆப்பிரிக்காவே போற்றிய விடுதலை வீரர். 1964-இல் அவர் ஒரே கட்சி ஆட்சியைக் கொண்டுவந்து, தாமே வாழ்நாள் அதிபர் என்ற ஏற்பாட்டையும் செய்துகொண்டார். 1966 பிப்ரவரியில் அவர் வெளிநாட்டில் இருந்தபோது இராணுவம் ஆட்சியைப் பறித்தது. அதன்பின் கவிழ்ப்புக்கு மேல் கவிழ்ப்பு. 1981-இன் கடைசி நாளில் இரண்டாம் முறையாகத் துப்பாக்கியோடு வந்த ஜெர்ரி ராலிங்ஸ் 19 ஆண்டு ஆண்டார்.

கானாவின் பாதையைத் திருப்பியது 1992 அரசியல் சட்டம். ஒருவருக்கு நான்காண்டு வீதம் இரு தவணை மட்டுமே என்றது அது. அந்த வரம்புக்குப் பணிந்து ராலிங்ஸே 2001 ஜனவரியில் எதிர்க்கட்சியின் ஜான் குஃபோரிடம் பதவியை ஒப்படைத்தார். 2008 தேர்தலில் சுமார் 40,000 வாக்குகளில் ஆளுங்கட்சி தோற்றது. தோற்றவர் ஏற்றுக்கொண்டார். 2012 ஜூலையில் அதிபர் ஜான் அட்டா மில்ஸ் இறந்த அன்றே துணை அதிபர் மகாமா பதவியேற்றார். 2024 டிசம்பரில் ஆளுங்கட்சி வேட்பாளர் அதிகாரபூர்வ முடிவு வரும் முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார். நல்லவர்கள் வந்து அமர்ந்ததால் மட்டும் இவை நடக்கவில்லை. வாக்குச் சாவடியில் ஒட்டிய முடிவைக் குறித்துக்கொண்டுபோய் வானொலியில் சொன்னவர்களும், எண்ணி முடியும்வரை வீட்டுக்குப் போகாத கண்காணிப்பாளர்களும் இவற்றைச் சாத்தியமாக்கினார்கள்.

அடுத்த வீடான ஐவரி கோஸ்ட்டில் ஊஃபுவே புவாஞி 1960 முதல் 1993-இல் இறக்கும்வரை 33 ஆண்டு அதிபராக இருந்தார். நாடு செழிக்கவும் செய்தது. அவருக்குப் பின் யார் என்ற சண்டை 1999-இல் ஆட்சிக் கவிழ்ப்பாகி, 2002-இல் உள்நாட்டுப் போராக மூண்டது. நம் நிலையை அந்தத் துயரத்தோடு ஒப்பிடுவது தகாது. ஆனாலும் 31 ஆண்டுத் தலைமை முடிந்தபின் ம.இ.கா.வில் நடந்ததை மறக்க முடியுமா? 2013 கட்சித் தேர்தல் செல்லாது என்று சங்கப் பதிவகம் சொன்னது. விவகாரம் நீதிமன்றம் போயிற்று. 2015-இல், சாமிவேலுவுக்குப் பின் தலைவரான பழனிவேல் தலைமையை இழந்தார். நீண்ட தலைமையின் நிழலில் அடுத்தவர்கள் வளர்வதில்லை. அதன் விலையைக் கட்சி மட்டும் கொடுக்கவில்லை, சமுதாயமே கொடுத்தது.

2008 பொதுத் தேர்தலுக்குப் பின் நம் வாக்குகள் பல கட்சிகளுக்குப் பிரிந்துவிட்டன. இனி எந்த ஒருவரும் நம் அனைவருக்கும் தலைவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதை இழப்பு என்று நாங்கள் எண்ணவில்லை. இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா பிரிவுக்கு அரசு ஆண்டுதோறும் ஒதுக்கும் 10 கோடி வெள்ளி யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்கும் கடமை எல்லாக் கட்சிக்காரர்களுக்கும், கட்சி சாராதவர்களுக்கும் சமமாக இருக்கிறது.

கேட்கும் பழக்கம் வீட்டுக்குப் பக்கத்தில் தொடங்கட்டும். 1966 சங்கச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதியலாம். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் கணக்கைப் பதிவகத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். நம் கோயில்களும் மன்றங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. பூச்சொரிதலுக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நிற்க இடமில்லாத மண்டபத்தில் ஆண்டுக் கூட்டத்தன்று கோரம் சேர்வதில்லை. அரைமணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தி, பழைய நிர்வாகமே தொடரட்டும் என்று கை தூக்கிவிட்டு வருகிறோம். பிறகு அதே நிர்வாகத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் கசப்பாக எழுதுகிறோம். அந்தத் தலைவருக்கும் இதில் நீதி இல்லை. விலக நினைத்தும் பொறுப்பேற்க ஆளில்லாமல் இருபது ஆண்டாகக் கோயில் சாவியைச் சுமக்கும் பெரியவர்கள் பலரை நாம் அறிவோம்.

சட்டவிதியில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் தவணை வரம்பு எழுதிவிடலாம். அதற்குப் பொதுக்கூட்டத் தீர்மானமும் பதிவகத்தின் ஒப்புதலும் போதும். விலகும் தலைவருக்கு வாக்குரிமை இல்லாத ஆலோசகர் இடமும் உரிய மரியாதையும் தர வேண்டும். அவமானப்பட்டு இறங்க நேரும் என்ற பயம்தான் பலரை நாற்காலியில் ஒட்டவைக்கிறது. அன்னதான அடுப்படியில் நாள் முழுக்க நிற்கும் பெண்களில் எத்தனை பேர் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கோயிலும் எண்ணிப் பார்க்கட்டும். கணக்கறிக்கையை எல்லாருக்கும் புரியும் தமிழில் ஒரே பக்கமாகச் சுருக்கி மண்டப வாசலில் ஒட்டலாம். கணக்குத் தெரிந்த இளைஞர் ஒருவருக்கு அது ஒரு மாலை வேலை.

அப்படிப்பட்ட இளைஞர்களிடம், குறிப்பாகப் பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலமிலும் அலுவலகக் கணக்கைப் பார்த்துவிட்டு மாலையில் கிள்ளானுக்குத் திரும்புகிறவர்களிடம், இதை உரிமையோடு கேட்கிறோம். தலைவர் பதவிக்கு நில்லுங்கள் என்று இப்போது சொல்லவில்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் உங்கள் சந்தாவைக் கட்டி உறுப்பினராகிவிடுங்கள். கூட்டத்தில் உட்கணக்காய்வாளர் தேர்வு வரும்போது உங்கள் பெயரை முன்மொழியச் சொல்லுங்கள். பெரும்பாலான சங்கங்களில் அந்த இடத்துக்குப் போட்டியே இருப்பதில்லை.