ஊர் கூடி எழுதும் கலைக்களஞ்சியம்

தேரோட்டத்தன்று வடம் பிடிக்க வருபவரிடம் எவரும் தகுதி கேட்பதில்லை. உள்ளூரார், வெளியூரார், முதியவர், சிறுவர் எனப் பலரும் கை கொடுக்கத் தேர் நகர்கிறது. ஆயினும் வீதியின் திருப்பத்தில் அது சுவரில் மோதாமல் திரும்புவது, சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நிற்கும் சிலரின் விழிப்பினால்தான். அவர்கள் ஒரு கணம் அயர்ந்தால் இழுக்கும் கைகளின் வலிமையே ஆபத்தாகிவிடும்.

இணையத்தில் பலரும் கூடி எழுதும் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவின் கதையும் இத்தகையதே. இன்று பல இல்லங்களில் தாத்தா ஓர் ஊரைப் பற்றியோ சான்றோரைப் பற்றியோ கேட்டால், பேரன் கைப்பேசியைப் பார்த்து நொடியில் விடை கூறுகிறான். அவ்விடை பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. அதனை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பெரியோர் அறிந்திருத்தல் நலம்.

முற்காலத்தில் கலைக்களஞ்சியம் என்பது அறிஞர் எழுதி, அறிஞர் சரிபார்த்து, பல்லாண்டு உழைப்பில் உருவாவது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாம் தொகுதி வந்தது 1968இல். அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் இணையத்தில் தொடங்கிய நூப்பீடியாவும் இவ்வழியிலேயே சென்றது. ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிகளில் சோதிக்கப்பட்டது. அதனால் 2003இல் அது மூடப்படும்வரை நிறைவுற்ற கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை.

அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பட்டதே விக்கிப்பீடியா. ‘விக்கி’ என்பது ஹவாய்த் தீவு மொழியில் விரைவைக் குறிக்கும் சொல். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று கதவு திறந்தது. 2006 மார்ச்சில் ஆங்கிலப் பதிப்பு மட்டுமே பத்து லட்சம் கட்டுரைகளைக் கண்டது. 2003இல் தொடங்கிய தமிழ்ப் பதிப்பு, 2017இல் ஒரு லட்சத்தைத் தொட்டது. எழுதியவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள்.

திறந்த கதவு வழியே தீங்கும் நுழைந்தது. ஜான் சீகென்தாலர் அமெரிக்காவின் மதிப்பிற்குரிய பத்திரிகையாளர். இளமையில் ராபர்ட் கென்னடியின் உதவியாளராகப் பணியாற்றியவர். 1968இல் அவர் கொலையுண்டபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் ஒருவர். 2005 மே மாதத்தில், பெயர் கூறாத ஒருவர் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிச் சில வரிகள் எழுதிவைத்தார். கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் அவருக்குத் தொடர்பிருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்றும், அவர் பல்லாண்டுகள் சோவியத் நாட்டில் வாழ்ந்தார் என்றும் அவ்வரிகள் கூறின. அனைத்தும் பொய். நண்பர் ஒருவர் கண்டு சொல்லும்வரை அவருக்கே இது தெரியாது. நான்கு மாதங்களுக்கும் மேலாக அப்பொய் அங்கேயே நின்றது. அதனைப் படியெடுத்த வேறு தளங்களிலும் பரவியது. தாம் தோளில் சுமந்து வழியனுப்பிய நண்பரின் கொலையில் தமக்கே பங்குண்டு என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டபோது அவருக்கு வயது 78.

அவர் நாளிதழில் இதனை எழுத, உலகம் திடுக்கிட்டது. பின்னர் உண்மை வெளிப்பட்டது. உடன் பணிபுரிபவரை ஏமாற்ற விளையாட்டாகச் செய்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கோரி, வேலையையும் துறந்தார். சீகென்தாலர் வழக்குத் தொடுக்கவில்லை. மாறாக, அம்மனிதரை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளுமாறு அவருடைய முதலாளியிடம் வேண்டினார். பழி சுமந்தவரே பழி சுமத்தியவருக்காகப் பரிந்து பேசிய பெருமை அது.

இதன்பின் முட்டுக்கட்டைகள் வலுப்பெற்றன. பதிவு செய்யாதவர் ஆங்கிலப் பதிப்பில் புதிய கட்டுரை தொடங்க இயலாது என்ற விதி 2005 டிசம்பரில் வந்தது. உயிருடன் இருப்பவரைப் பற்றிச் சான்றின்றி எழுதிய அவதூறு உடனே நீக்கப்பட வேண்டும் என்பதும் விதியாயிற்று. அதே டிசம்பரில் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழ் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. 42 அறிவியல் கட்டுரைகளை, எது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கூறாமல் வல்லுநரிடம் அளித்ததில், விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சராசரியாக நான்கு பிழைகளும், புகழ்பெற்ற பிரிட்டானிக்காவில் மூன்று பிழைகளும் காணப்பட்டன. சோதித்த முறை சரியன்று என்று பிரிட்டானிக்கா மறுத்தது. நேச்சர் தன் முடிவில் நிலைத்து நின்றது. அறிஞர் எழுதியதிலும் பிழையுண்டு, பலர் எழுதியதிலும் மெய்யுண்டு என்பதே பலருக்கும் வியப்பளித்த செய்தி.

ஆகவே முழுவதும் தள்ளுவதும் தவறு, கண்ணை மூடி ஏற்பதும் தவறு. சோதிக்கும் வழி எளிது. பெரும்பாலான கட்டுரைகளின் அடியில் எந்த நூல், எந்த இதழ் ஆதாரம் என்னும் பட்டியல் உண்டு. ஆதாரமற்ற வரியின் அருகே ‘சான்று தேவை’ என்ற குறிப்பு நிற்கக்கூடும். ‘வரலாறு’ என்னும் பகுதியைத் திறந்தால், எவ்வரி என்று சேர்க்கப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்பது விளங்கும். ஒரு கோயில் இன்ன நூற்றாண்டில் கட்டப்பட்டது என்னும் வரிக்குக் கல்வெட்டு அறிக்கை ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தால் அதன் மதிப்பு வேறு. வெறும் செவிவழிச் செய்தியாயின் அதன் மதிப்பு வேறு. ஒரே செய்தி பத்து இடங்களில் இருப்பதும் போதிய சான்றாகாது. சீகென்தாலர் பற்றிய பொய்யும் பல இடங்களில் இருந்ததன்றோ?

பேரன் கைப்பேசியில் படித்துக் காட்டும்போது, “இதற்கு ஆதாரம் என்ன போட்டிருக்கிறது, அதையும் படி கண்ணா” என்று தாத்தா ஒரு வார்த்தை கேட்டால் போதும். வடம் பிடிக்க இளைய கைகள் ஏராளம். கட்டை போடும் கவனத்தை அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியவர்கள் வீட்டில் உள்ள பெரியவர்களே.