பிலிம் ரோலைக் கையால் சோதியுங்கள்

வெளிநாடு கிளம்பும் யாரைப் பார்த்தாலும் ஒன்று சொல்வேன்: செல்போனில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு பிலிம் ரோலையும் கொண்டுபோய் அதில் துணிந்து விளையாடிப் பாருங்கள். எங்கள் ஊரான சித்தூரில் என் கூட்டாளிகளே இதைக் காசைக் கரியாக்கும் வேலை என்கிறார்கள். 36 படம் எடுக்கும் வண்ண ரோல், கழுவும் கூலியோடு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது என்பது உண்மைதான். ஊட்டியில் 1967 முதல் ‘இந்து’ பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடிப்போன பிறகு, நாம் வாங்குவதெல்லாம் இறக்குமதிச் சரக்கு.

ஆனாலும் யாழ்ப்பாணத்தில் எடுத்த ஒரு ரோல் எனக்குத் தந்ததை வேறெதுவும் தரவில்லை. கிளம்புவதற்கு முன்பே, எங்கள் ஊர்ப்புறத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சாயங்கால வெளிச்சத்தில் பனைகளை மட்டும் அதில் எடுத்தேன். அவற்றின் மேலேயே யாழ்ப்பாணத்தில் மறுபடி எடுப்பது திட்டம். 400 ஐஎஸ்ஓ பிலிமை 800 என்று கேமராவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கட்டத்தில் இரண்டு தடவை வெளிச்சம் விழப்போகிறது அல்லவா, ஒவ்வொரு தடவையும் பாதி போதும். முடிந்ததும் முனை உள்ளே போய்விடாமல் சுற்றி எடுத்து, முதல் கட்டம் தொடங்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அதே ரோலை யாழ்ப்பாணத்தில் மறுபடி மாட்டினேன்.

வானம் விழுந்த இடம் ஏற்கெனவே வெளிச்சத்தால் நிறைந்துவிட்டது. அங்கே இரண்டாவது படம் ஏறாது. மரத்தின் கருநிழலில்தான் ஏறும். அதனால் நல்லூர்க் கந்தசாமி கோயில் தெருவில் நின்றபோது, ஊரில் எடுத்தபோது குறித்துவைத்த நோட்டைப் புரட்டி ஒன்பதாம் கட்டத்தில் பனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தேன். கோபுரத்தை அந்த இடத்துக்கு நகர்த்திப் பிடித்தேன். கழுவி வந்த நெகட்டிவில், சித்தூர்ப் பனையின் அடிமரத்துக்குள் நல்லூர்க் கோபுரம் தட்டுத் தட்டாக ஏறி நிற்கிறது. இரண்டு படங்களைச் செல்போனில் ஒட்டவைக்க அரை நிமிடம் போதும், தெரியும். ஆனால் அயல்மண்ணில் நின்று ஊரின் ஒவ்வொரு பனையையும் நினைவில் தேட வைத்தது இந்த ரோல்தான். அந்தத் தேடலுக்காகத்தான் இவ்வளவும்.

இதற்கெல்லாம் எமன் விமான நிலையத்து ஸ்கேனர். கழுவாத பிலிமில் எக்ஸ்-ரே பட்டால் சாம்பல் படரும். கைப்பைக்கு இப்போது வரும் சிடி ஸ்கேனர்கள் பழைய மெஷின்களைவிடக் கடுமையானவை. அவற்றில் பிலிமை விடாதீர்கள் என்று கோடக்கே எச்சரித்திருக்கிறது. லக்கேஜில் போட்டு அனுப்புவது அதைவிட ஆபத்து. ஒரு விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் திருப்பித் தந்தார். இன்னொன்றில், நான் கெஞ்சக் கெஞ்ச எல்லாம் மெஷினுக்குள் போயின. பாதுகாப்பு முக்கியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிலிமைக் கையால் சோதிக்கும்படி பயணி கேட்கலாம் என்று அமெரிக்காவில் அரசுப் பாதுகாப்புத் துறையே சொல்கிறது. அப்படி ஒரு வரியை நம் விமான நிலையங்களிலும் சோதனை வரிசைக்கு முன்னால் எழுதி ஒட்ட வேண்டும். ரோலின் கதி அதிகாரியின் மனநிலையைப் பொறுத்து அமையக் கூடாது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: ரோல்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போடுங்கள். கொஞ்சம் சீக்கிரமே போய், பை பெல்ட்டில் ஏறுவதற்கு முன்பே கையில் எடுத்துக் கேளுங்கள்.