வர்ணம் பூசிய பிணங்கள்

பழைய காரை விரைவாகக் கொல்பவர்கள், அதை நேசிப்பதாகச் சொல்லித் திரியும் நம்மவர்கள்தாம். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. ஆயினும் வரியோடு வரும் புதுக்காரின் விலை என்னைப் போன்ற பத்திரிகைக்காரனுக்கு எட்டாது. ஆகவே என் மொரிஸ் மைனரைப் பேணுவது ஆடம்பரமன்று. ஆனால் வத்தேகமவில் நாம் எங்கிருந்து தொடங்குகிறோம்? வர்ணத்திலிருந்து! மேலே பளபளப்பு, அடியில் துருவேறிய புகைக்குழாய். சைலன்சரைக் கழற்றிவிட்டு அந்த உறுமலை வீரம் என்று கொண்டாடுவோரும் உண்டு.

குழாயில் விழுந்த ஓட்டை வெறும் இரைச்சலன்று. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உக்கிய தரைத்தகட்டின் வழியே அது ஏறினால் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையை யார் எழுப்புவது?

மைனர் பின்சக்கர உந்தலில் ஓடுவது. விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் நீள்தண்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜொயின்ட் உண்டு. கிளச்சை விடும்போது ‘டக்’ என்று கேட்டால் முதலில் அவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். மடுல்கலை ஏற்றத்தில் முன்முனை கழன்றால் தண்டு தெருவில் ஊன்றிவிடும்.

நானும் யோக்கியனல்லன். மூன்று மாதம் அந்த ‘டக்’கைக் கேட்டும் கேளாதவனாய், கதவுக்கு எந்தப் பச்சை பொருந்தும் என்று அலைந்தேன். கராஜ் பாஸ் காரை உயர்த்தி, தண்டைக் கையால் ஆட்டிக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை.

ஜொயின்ட் இரண்டையும் மாற்றினோம். புகைக்குழாயும் முன்னிருந்து வால்வரை புதிது. கதவு இன்னும் பிரைமரோடுதான் நிற்கிறது.