காற்றுக்குத்தான் காசு
வீட்டுப் பட்டறைக்குக் கம்ப்ரஸர் வாங்குபவர்கள் கேட்க மறக்கும் கேள்வி

மும்பை நாக்தேவி தெருவிலோ பெங்களூரு எஸ்.ஜே.பி. சாலையிலோ ஏர் கம்ப்ரஸர் விலை கேட்டால், பேச்சு பெரும்பாலும் இரண்டு எண்களைச் சுற்றியே நடக்கும். எத்தனை ஹெச்.பி. மோட்டார்? எத்தனை லிட்டர் டேங்க்? கார் ஷெட்டில் மரவேலை பார்ப்பவரும், பழைய ஸ்கூட்டருக்குத் தானே பெயின்ட் அடிக்க ஆசைப்படுபவரும் இந்த இரண்டை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணி வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது: கதவின் பாதியிலேயே பெயின்ட் கன் மூச்சு வாங்குகிறது.

மோட்டாரும் டேங்க்கும் கண்ணுக்குத் தெரிபவை. காசு கொடுத்து வாங்குவதோ காற்றை. அதன் அளவு சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்பது. அதிலும் உஷார் தேவை. லேபிளில் பெரிதாக அச்சிடப்படுவது பல நேரங்களில் பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு. குழாய் முனையில் உண்மையில் கிடைப்பது எஃப்.ஏ.டி. எனப்படும் அளவு; சிறிய கம்ப்ரஸர்களில் இது முன்னதைவிடக் கணிசமாகக் குறைவு. 7 பார் அழுத்தத்தில் ஒரு ஹெச்.பி.க்கு 3 முதல் 4 சி.எஃப்.எம். கிடைத்தாலே நல்ல இயந்திரம். இதற்கு மேல் சொல்பவரிடம் எந்த அழுத்தத்தில் என்று கேட்பது நல்லது.

டேங்க் பெரிதாக இருந்தால் சமாளிக்கலாமே? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 லிட்டர் டேங்க்கில் அழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது வெளியேறும் காற்று சுமார் 200 லிட்டர், அதாவது 7 கன அடி. பெயின்ட் கன் 10 சி.எஃப்.எம். கேட்கிறது, கம்ப்ரஸர் 6 தருகிறது என்றால், இரண்டு நிமிடத்துக்குள் சேமிப்பு காலி. 24 லிட்டர் டேங்க் அரை நிமிடம்கூடத் தாங்காது. டேங்க் என்பது உண்டியல், சம்பளம் அல்ல.

எனவே முதலில் தீர்மானிக்க வேண்டியது கம்ப்ரஸரை அல்ல, வேலையை. பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் ஏர்பிரஷ்ஷுக்கு ஒரு சி.எஃப்.எம். போதும். டயருக்குக் காற்றடிக்க, சின்ன ஆணி அடிக்க, தூசி ஊத 24 லிட்டர் இயந்திரம் தாராளம். அலமாரி, கதவு என்று தொடர்ந்து ஸ்பிரே செய்பவருக்குத்தான் பெல்ட்டில் ஓடும் 3 ஹெச்.பி. வேண்டும். காற்றில் இயங்கும் சாண்டரும் கிரைண்டரும் பகாசுரன்கள். வீட்டுக்கு மின்சாரத்தில் ஓடும் கருவிகளே சிக்கனம்.

அடுத்த தடை மின்சாரம். 2 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகும், கடைசியில் எரியும். வயரை நீட்டுவதற்குப் பதில் காற்றுக் குழாயை நீட்டுவதே புத்திசாலித்தனம். அடுக்குமாடிவாசிகள் சத்தத்தையும் யோசிக்க வேண்டும். நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் ஆயில் இல்லாத சிறு இயந்திரங்கள் விலை குறைவு, இரைச்சல் அதிகம். மெதுவாகச் சுற்றும் பெல்ட் வகை எடை கூடினாலும் பக்கத்து வீட்டாரின் பொறுமையைக் குறைவாகச் சோதிக்கும்.

விலையில் மிச்சம் பிடிக்கப் பலர் தேடும் வழி செகண்ட் ஹேண்ட். சிலர் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரைக் காலி சமையல் எரிவாயு சிலிண்டரோடு இணைத்து விடுகிறார்கள். ஆபத்து இங்கேதான். அழுத்தும்போது காற்றிலுள்ள ஈரம் நீராகி டேங்க்கின் அடியில் தேங்குகிறது. சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்களில் இன்னும் அதிகம். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்க, உள்ளே துரு தகட்டைத் தின்றுகொண்டிருக்கும். அப்படிப்பட்ட டேங்க் கசிவதோடு நிற்காது, வெடிக்கவும் கூடும். துளையை வெல்டிங் செய்து மூடித் தருவதாகச் சொன்னால் அந்தப் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பி.வி.சி. தண்ணீர்க் குழாயில் காற்றைக் கொண்டுபோவதும் அதே ரகம்: வெடித்தால் சில்லுகள் பறக்கும்.

ஸ்பிரே செய்யும் அறையிலேயே கம்ப்ரஸரை வைக்கக் கூடாது. மோட்டார் பொறி ஒன்று போதும், தின்னர் ஆவி பற்றிக்கொள்ள. ஹார்டனர் கலந்த இரட்டைக் கலவைப் பெயின்ட்டுகளில் பல, நுரையீரலைப் பதம் பார்ப்பவை. துணி முகமூடி அவற்றைத் தடுக்காது.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே செய்ய வேண்டியவை மூன்று. காலி டேங்க் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பது. நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கிறதா என்று கவனிப்பது. சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துக் காற்று சீறுகிறதா என்று சோதிப்பது. நான்காவது வேலை வீட்டில், ஒவ்வொரு நாளும்: வேலை முடிந்ததும் அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பது. ஒரு நிமிடம்கூட ஆகாது. டேங்க்கின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.