மருந்துக்கு முதல் தண்ணியைப் பாருங்கோ

மீன்தொட்டியில் ஒரு மீன் சோர்ந்து மூலைக்குள் ஒதுங்கினால் எங்கட ஆக்கள் வழக்கமாகச் செய்யும் வேலை மூன்று. ஒன்று, பாமசியில் அன்ரிபயோரிக் கப்சூல் வாங்கி உடைத்துக் கொட்டுவது. இரண்டு, தொட்டியை முழுசாக இறைத்து, கல்லு, ஃபில்டர் எல்லாத்தையும் தேய்த்துக் கழுவுவது. மூன்று, ஒண்டும் சரிவராட்டி மீனைக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டுவிடுவது. மூன்றுமே பிழை என்பது எங்கள் கருத்து. மூன்றாவது மீனுக்கு மட்டுமில்லை, ஊருக்கே பிழை.

தொட்டி மீனின் வருத்தங்களில் பெரும்பாலானவை தண்ணியில்தான் தொடங்குகின்றன. மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனும் அமோனியாவாக மாறும். அது செவுளை எரிக்கும். நல்ல தொட்டியில் ஃபில்டரிலும் கல்லிலும் வாழும் பற்றீரியாக்கள் அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். அவை புதுத்தொட்டியில் பெருக 4 முதல் 6 கிழமை பிடிக்கும். ஃபில்டரைத் தேய்த்துக் கழுவினால் அவையும் போய்விடும். அன்ரிபயோரிக்கும் அவற்றைக் கொல்லக்கூடும். வருத்தக்காரனைக் காப்பாற்றப் போய் வீட்டையே இடித்த கதைதான்.

எங்கட பக்கத்துத் தண்ணிக்கு வேறு சிக்கல்களும் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரீன் போடுவார்கள். மனுசருக்கு அது நல்லது, மீனின் செவுளுக்கு நஞ்சு. அப்போதுதான் இறைத்த கிணற்றுத் தண்ணியில் ஒட்சிசனும் குறைவாக இருக்கும். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, காற்று மோட்டர் நின்ற தொட்டிகளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவித்தன. அது நோயில்லை, மூச்சுமுட்டல். அதுக்கு எந்தக் கப்சூலும் உதவாது. ஒரு கோப்பையால் தண்ணியை அள்ளி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊத்தினாலே மீனுக்குச் சீவன் வரும்.

அதனால் முதலுதவி இதுதான்: ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த தண்ணியால் தொட்டியின் காற்பங்கை மாற்றுங்கோ. குளோரீன் போட்ட தண்ணி எண்டால் இரண்டு நாள் வையுங்கோ. இரண்டு நாளைக்குத் தீன் போடாதேங்கோ. வருத்தமான மீனை வேறு வாளியில், காற்றுக் குழாயோடு தனியே வையுங்கோ. ஃபைற்றர் சண்டையில் கிழிந்த செட்டை, அடிப்பகுதி பழுதாகாமல் இருந்தால், நல்ல தண்ணியில் தானாகவே வளரும்.

அடுத்தது உப்பு. கடல்தண்ணியில் விளக்கெரிக்கும் அம்மன் கோயில் இருக்கிற ஊர் எங்களுடையது. உப்பின் அருமையை எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. லீற்றருக்கு 2, 3 கிராம் கல்லுப்பை, ஒரே தடவையில் கொட்டாமல் ஒரு நாளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விட்டால் பல வெளிக்காயங்களுக்கும் வெள்ளைப்புள்ளி நோய்க்கும் போதும். வெள்ளைப்புள்ளி ஒரு ஒட்டுண்ணி. மீனை விட்டுக் கழன்று, அடியில் பெருகி, நீந்தித் திரியும் பருவத்தில்தான் உப்போ மருந்தோ அதைக் கொல்லும். ஆகவே புள்ளி மறைந்த உடனே நிப்பாட்டாதேங்கோ, இன்னும் சில நாள் தொடருங்கோ. தொட்டி துடைக்கிற கெளுத்தி வகைகளும் நீர்ச்செடிகளும் உப்பைத் தாங்காது. அவை இருந்தால் வருத்தமான மீன் நிற்கிற வாளிக்குள் மட்டும் உப்புப் போடுங்கோ.

அன்ரிபயோரிக் ஒருநாளும் கூடாது எண்டு நாங்கள் சொல்லவில்லை. என்ன நோய் எண்டு தெரியாமல் போடக்கூடாது எண்டுதான் சொல்லுறம். தொட்டித் தண்ணியை எங்கே ஊத்துறம்? வாழையடியில், கிணற்றடியில். மருந்துக்கு அடங்காத கிருமிகளை வீட்டுக் கோடிக்குள்ளேயே வளர்க்கிற வேலை அது. கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டிக்குள் கை வைப்பதும் ஆபத்து. மீனிலிருந்து மனுசருக்குத் தொற்றும் ஒருவகை மைக்கோபற்றீரியா கிழமைக்கணக்கில் ஆறாத புண்ணைத் தரும். அப்படிப் புண் வந்தால் மீன் வளர்க்கிற விசயத்தை டொக்ரரிடம் கட்டாயம் சொல்லுங்கோ.

இனிக் குளத்தில் விடுகிற கதை. 1987இன் கடைசியில் இலங்கையின் நன்னீர் மீன்களில் புண்நோய் ஒன்று பரவத் தொடங்கியது. விரால் போன்ற மீன்களின் உடம்பில் ஆழமான புண்கள். சனம் மீன் வாங்கவே பயந்தது. 1971இல் ஜப்பானில் முதலில் காணப்பட்ட நோய் அது. அது நாடு விட்டு நாடு பரவிய வழிகளில் ஒன்றாக அலங்கார மீன் வியாபாரமும் சந்தேகிக்கப்படுகிறது. திறந்த குளத்தில் ஒரு நோய் இறங்கினால் வைத்தியம் இல்லை. மீன் சுகமாக இருந்தாலும் விடக்கூடாது. தொட்டி துடைக்கிற மீன் இன்று இலங்கையின் ஆறு குளங்களில் பெருகி, கரையைத் துளைத்து வளை தோண்டுகிறது. மாரியில் எங்கட குளங்களும் வாய்க்கால்களும் நிரம்பி நந்திக்கடலுக்குத்தான் இறங்குகின்றன. குளத்து மீனையும் களப்பு இறாலையும் நம்பி அடுப்பெரிக்கிற குடும்பங்கள் இங்கே எத்தனை! ஒரு கோல்ட் ஃபிஷ்சுக்கு இரக்கப்பட்டு அவர்களின் சோத்தில் கை வைக்க எங்களுக்கு உரிமையில்லை.

செதில் சிலிர்த்து, வயிறு ஊதிப்போன மீன் பிழைப்பது அரிது. கராம்புத் தைலத்தைச் சுடுதண்ணியில் நல்லாகக் குலுக்கி, ஆறவிட்டு, தனி வாளித் தண்ணியில் கலந்து மீனை விட்டால் மயங்கும். பிறகு தைலத்தைக் கூட்டி, செவுள் அசைவு நின்று 10 நிமிடத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்து, தாட்டுவிடுங்கோ. தவிக்க விடுவதைவிட அது இரக்கம்.

நாட்டிலுள்ள ஒரே விலங்கு மருத்துவ பீடம் பேராதனையில். முல்லைத்தீவில் ஒரு பிள்ளை தன் மீனைத் தூக்கிக்கொண்டு ஆரிடம் போகும்? குளங்களில் மீன்குஞ்சு விடுகிற நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை, மாதத்தில் ஒருநாள் எண்டாலும் இங்கே மீன் நோய் பார்க்க ஆள் வைக்கலாம். மீன் விற்கிற கடைக்காரர் ஒவ்வொரு பையோடும் இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம்: தண்ணியை மாற்று, குளத்தில் விடாதே. அதுக்கு ஒரு செலவும் இல்லை.